ஒற்றைக் கை ஹோண்டா: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் பழைய ரேஸ் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதும்போது ஹோண்டா ஆர்சி30-ஐ நான்கே வரியில் தாண்டிப் போய்விட்டேன். அதற்குத் தண்டனை மாதிரி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வண்டியைப் பற்றியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். முதலில் எனக்கு விழுந்த குட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கார்ல் ஃபோகர்ட்டி ஆர்சி30 ஓட்டி உலக சூப்பர்பைக் பட்டம் வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் டுகாட்டிக்காரர் ஆயிற்றே?
— வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் சொல்வதுதான் சரி, தப்பு என்னுடையது. ஃபோகர்ட்டியின் நான்கு உலக சூப்பர்பைக் பட்டங்களும் (1994, 1995, 1998, 1999) டுகாட்டியில் வந்தவை. ஆர்சி30-ல் அவர் வாங்கியது வேறு பட்டம். டிடி ஃபார்முலா 1 என்று ஒரு உலகப் பட்டம் இருந்தது, அதை 1988, 1989 இரண்டு வருடமும் இந்த ஹோண்டாவில் ஜெயித்தார். அதற்கு முன்னால் 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து முறை அதைக் கையில் வைத்திருந்தவர் ஜோயி டன்லப், அவரும் ஹோண்டாதான். 1988-ல் உலக சூப்பர்பைக் போட்டி தொடங்கியதும் ஃபார்முலா 1-இன் மவுசு குறைந்து 1990-க்குப் பிறகு அது இல்லாமலே போனது. இரண்டு பட்டமும் ஒரே காலத்தில், ஒரே மாதிரி வண்டிகளோடு நடந்ததால் நான் குழப்பிக்கொண்டேன். இது விளக்கம், சாக்கு என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஃபேக்டரி பைக் என்கிறீர்கள், கடையில் விற்ற வண்டி என்றும் சொல்கிறீர்கள். எது உண்மை? கடையில் வாங்கிய வண்டியை எடுத்துக்கொண்டு போய் உலகப் போட்டியில் ஜெயிக்க முடியுமா?
— வாசகர், திண்டுக்கல்

இந்த வண்டியின் கதையே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஹோண்டாவிடம் 1980களின் நடுவில் ஆர்விஎஃப்750 என்று ஒரு வண்டி இருந்தது. அதுதான் அசல் ஃபேக்டரி வண்டி: யாருக்கும் விற்க மாட்டார்கள், கம்பெனி ரேஸ் பிரிவான எச்ஆர்சி தானே செய்து, தானே ஓட்டி, சீசன் முடிந்ததும் தானே உள்ளே வைத்துப் பூட்டிவிடும். ஜப்பானின் சுசுகாவில் நடந்த 1985 8 மணி நேரப் போட்டியில் கென்னி ராபர்ட்ஸும் தடாஹிகோ தைராவும் யமஹாவில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள், முடிய ஏறக்குறைய அரை மணி நேரம் இருக்கும்போது அந்த வண்டி படுத்துவிட்டது, பின்னால் ஆர்விஎஃப் ஓட்டிக்கொண்டிருந்த வெய்ன் கார்ட்னர் ஜெயித்தார். அடுத்த வருடமும் கார்ட்னர், ஆர்விஎஃப்தான், கூட்டாளி மட்டும் டொமினிக் சரோன். வேகத்தில் முதல் இடம் இல்லாவிட்டாலும் கடைசி வரை ஓடிய வண்டி என்ற பெயர் அந்த வி4 (நான்கு சிலிண்டர்கள் வி வடிவத்தில் நிற்கும்) என்ஜினுக்கு அங்கேயே வந்துவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இங்கே வருவேன்.

அப்புறம் சூப்பர்பைக் போட்டி வருகிறது. அதன் விதி, பொதுமக்களுக்கு விற்ற வண்டியைத்தான் கொண்டுவர வேண்டும், என்ஜினின் அடிப்படையும் சட்டகமும் விற்ற வண்டியில் உள்ளதாகவே இருக்க வேண்டும் என்பது. இத்தனை எண்ணிக்கை செய்து விற்றோம் என்று காட்டி அனுமதி வாங்குவதற்குப் பெயர் ஹோமோலோகேஷன். சாதாரணமாக கம்பெனிகள் என்ன செய்யும்? ரோட்டு வண்டி ஒன்றை எடுத்து ரேஸுக்குத் தயார் செய்யும். ஹோண்டா இதைத் திருப்பிப் போட்டது. ஆர்விஎஃப் என்ற ரேஸ் வண்டியை எடுத்து, அதற்கு விளக்கு, ஹாரன், நம்பர் பிளேட் மாட்டி, ரோட்டு வண்டி என்று விற்றது. அதுதான் 1987-ல் ஜப்பானிலும் 1988-ல் ஐரோப்பாவிலும் வந்த விஎஃப்ஆர்750ஆர், தொழிற்சாலைக் குறிப்பெயர் ஆர்சி30. உள்ளே டைட்டானியம் கனெக்டிங் ராட், வால்வுகளைத் திறக்கும் கேமை ஓட்டுவதற்குச் செயினுக்குப் பதில் பல்சக்கரங்கள், அலுமினிய டேங்க். ஹமாமட்சு தொழிற்சாலையில் தனி வரிசையில், பெரும்பாலும் கையாலேயே பூட்டினார்கள். ஜப்பானில் விலை 14 லட்சத்து 80 ஆயிரம் யென், அப்போதைய மற்ற 750 வண்டிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியும் கேட்டவர்கள் இருந்ததைவிட அதிகம் என்பதால் குலுக்கல் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: கடை வண்டியை அப்படியே ஓட்டி உலகப் போட்டியில் ஜெயிக்க முடியாது. ஆனால் கடை வண்டியோடு எச்ஆர்சி விற்ற ரேஸ் கிட் பாகங்களையும் வாங்கி, நல்ல மெக்கானிக் ஒருவரும் கிடைத்துவிட்டால், ஃபேக்டரி அணிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். 1988, 1989 இரண்டு வருடமும் உலக சூப்பர்பைக் பட்டம் வாங்கிய ஃபிரெட் மெர்க்கல் ஓட்டியது எச்ஆர்சியின் சொந்த அணிக்கு இல்லை, ஆஸ்கார் ரூமி என்ற இத்தாலியரின் அணிக்கு.

ஆர்சி30-ல் ஒரே ஒரு பக்கம்தான் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. அழகுக்கா, உபயோகத்துக்கா?
— வாசகி, திருச்சி

உபயோகத்துக்கு. அழகு தானாக வந்து சேர்ந்தது.

எண்டூரன்ஸ் என்கிற நெடுநேரப் போட்டிகளில் நடுநடுவே நின்று டயர் மாற்ற வேண்டும். சாதாரண வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றினால் செயினைத் தளர்த்த வேண்டும், அச்சை உருவ வேண்டும், திரும்ப மாட்டும்போது நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும், ஒரு மழை நாள் சாயங்காலம் விழுப்புரம் தாண்டி நடுரோட்டில் பஞ்சராகி, பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டி வீடு வந்த பிறகுதான் செயின் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். பிரான்சின் எல்ஃப் எண்ணெய் கம்பெனிக்காக ஆந்த்ரே தெ கோர்தான்ஸ் என்ற வடிவமைப்பாளர் செய்த சோதனை வண்டிகளில் பின்சக்கரத்தை ஒரே பக்கத்தில் பிடித்துக்கொள்ளும் ஒற்றைக் கை இருந்தது, அதன் உரிமையை ஹோண்டா வாங்கிக்கொண்டது. ஆர்சி30-ல் நடுவிலிருக்கும் ஒரே நட்டைக் கழற்றினால் கார் சக்கரம் மாதிரி கையோடு வந்துவிடும், செயினும் பல்சக்கரமும் அந்தப் பக்கம் அசையாமல் இருக்கும். முன்சக்கரத்துக்கும் சீக்கிரம் கழற்றும் ஏற்பாடு உண்டு.

எடை கொஞ்சம் கூடும், ஒரே பக்கம் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டியிருப்பதால் கையைத் தடிமனாகச் செய்தாக வேண்டும். நின்று டயர் மாற்றாத குறுகிய சூப்பர்பைக் ரேஸுக்கு இதனால் பெரிய லாபம் கிடையாது. ஆனால் அந்த வண்டியின் அப்பா எண்டூரன்ஸ் வண்டி என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளமும் கிடையாது.

நான்கு சிலிண்டர் வண்டி என்றால் ஒரு கீச்சென்ற அலறல் இருக்கும். ஆர்சி30-இன் சத்தம் வேறு மாதிரி, பெரிய வண்டு உறுமுவது போல இருக்கிறதே?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

நல்ல காது உங்களுக்கு.

சாதாரண நேர்வரிசை நான்கு சிலிண்டர் என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் அரைச்சுற்று சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டர் வெடிக்கும், சம இடைவெளி, அதனால் தொடர்ச்சியான அலறல். ஆர்சி30-இன் நான்கு சிலிண்டர்களும் 90 டிகிரி வி வடிவத்தில், முன்னால் இரண்டு பின்னால் இரண்டாக நிற்கின்றன. கிராங்கில் கனெக்டிங் ராடுகள் மாட்டும் முளைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும் 360 டிகிரி அமைப்பு. என்ன ஆகிறது? ஒரு வெடி, 90 டிகிரி தள்ளி அடுத்த வெடி, பிறகு 270 டிகிரிக்கு அமைதி, மறுபடி ஜோடியாக இரண்டு. அதாவது நான்கு சிலிண்டர் வண்டி, இரண்டு சிலிண்டர் வண்டியின் தாளத்தில் ஓடுகிறது. அதே குடும்பத்துச் சாதாரண விஎஃப்ஆர்750எஃப் வண்டியில் 180 டிகிரி கிராங்க், அதன் சத்தம் வேறு.

ரேஸ் ஓட்டுபவர்கள் இதில் சொல்லும் லாபம் ஒன்று உண்டு: வளைவிலிருந்து வெளியே வரும்போது அந்த இடைவெளியில் பின் டயருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது, பிடிமானம் தெரிகிறது, எங்கே வழுக்கப் போகிறது என்று ஆசனத்திலேயே தெரிந்துவிடுகிறது. பந்தயத்தில் கடைசி லேப் வரை டயரைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊருக்குள் ஓட்டலாமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். முதல் கியரே மணிக்கு 130 கிலோமீட்டர் வரை இழுக்கும். டிராஃபிக்கில் கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்தே உங்கள் இடது கை போய்விடும்.

1988 உலக சூப்பர்பைக் சீசனில் டார்டோசி 5 ரேஸ் ஜெயித்திருக்கிறார், மெர்க்கல் 2 மட்டும். பட்டம் மெர்க்கலுக்கு. இது அநியாயமில்லையா? ஹோண்டாவுக்கு அதிர்ஷ்டம் என்று ஏன் யாரும் சொல்வதில்லை?
— வாசகர், மதுரை

சொல்கிறார்களே, நீங்கள் சொல்கிறீர்கள். ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் சுற்று 1988 ஏப்ரலில் இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க்கில். முதல் ரேஸை இத்தாலியின் டவிடே டார்டோசி பிமோட்டா ஒய்பி4 வண்டியில் ஜெயித்தார், இரண்டாவது ரேஸில் கீழே விழுந்தார். அந்தச் சுற்றில் மட்டும் இரண்டு ரேஸையும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்த்துப் புள்ளி கொடுத்தார்கள். அதனால் ஒரு ரேஸை ஜெயித்தும் டார்டோசி கைக்கு ஒரு புள்ளியும் வரவில்லை, இரண்டாவது ரேஸை ஜெயித்த டுகாட்டியின் மார்கோ லுக்கினெல்லி மொத்த வெற்றியாளர் ஆனார். சீசன் முடிவில் மெர்க்கல் 99, யமஹாவின் ஃபாப்ரிசியோ பிரோவானோ 93.5, டார்டோசி 91.5. நியூசிலாந்தின் மான்ஃபீல்டில் நடந்த கடைசிச் சுற்றில்தான் பட்டம் யாருக்கு என்று முடிவானது. டோனிங்டனில் டார்டோசிக்கு நடந்தது வயிற்றெரிச்சல்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் பட்டம் என்பது ஜெயித்த ரேஸ்களின் கூட்டல் இல்லை, ஓடி முடித்த ரேஸ்களின் கூட்டல். டார்டோசி ஜெயித்த நாட்களில் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை, ஜெயிக்காத நாட்களில் பல நேரம் அவர் பட்டியலிலேயே இல்லை. மெர்க்கலோ ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று புதுப்புது ட்ராக்குகளில் முன்வரிசையில் எங்கேயோ ஒரு இடத்தில் முடித்துக்கொண்டே வந்தார். அவர் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை, அமெரிக்க சூப்பர்பைக் பட்டத்தை 1984, 85, 86 மூன்று வருடமும் ஹோண்டா வி4 வண்டிகளில் வாங்கிவிட்டு வந்தவர். அந்த என்ஜினின் குணம் அவருக்கு அத்துப்படி.

1989-ஐப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். மெர்க்கல் 272 புள்ளி, பெல்ஜியத்தின் ஸ்டெஃபான் மெர்டன்ஸ் 265. இருவரும் ஆர்சி30. மூன்றாவதாக வந்த ரேமண்ட் ரோஷ் டுகாட்டியில் மெர்க்கலைவிட அதிக ரேஸ் ஜெயித்தார், ஆனால் அந்த இத்தாலிய வண்டி ஓடினால் குதிரை, நின்றால் கல். அதிர்ஷ்டம் ஒரு வருடம் கை கொடுக்கும். அடுத்த வருடமும் வந்து, கூடவே இரண்டாம் இடத்தையும் அதே வண்டிக்கு வாங்கிக் கொடுக்குமா? சுசுகாவில் கார்ட்னருக்கு நடந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹோண்டாவின் முதல் விஎஃப்750 வண்டிகளில், 1983 வாக்கில், கேம் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. சாக்லேட் கேம் என்று கேலி செய்தார்கள். கம்பெனிக்கு அது பெரிய அவமானம். கேம்களைச் செயினிலிருந்து பல்சக்கரத்துக்கு மாற்றி, என்ஜினை மறுபடி வரைந்து, 1986-ல் விஎஃப்ஆர் என்று கொண்டுவந்தார்கள். அதன் நீட்சிதான் ஆர்சி30. பட்ட அடியில் கற்றுக்கொண்டவன் செய்த வண்டி. உடையாமல் ஓடியதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தால் ஹமாமட்சுவில் யாராவது கோபித்துக்கொள்வார்கள்.

உலக சூப்பர்பைக் போட்டியை யார் ஆரம்பித்தது?
— வாசகி, ஈரோடு

அதற்காக அலைந்து திரிந்தவர் அமெரிக்காவின் ஸ்டீவ் மெக்லாக்லின். அவரே முன்னாள் ரேஸ்காரர். 1976-ல் அமெரிக்காவின் டேடோனாவில் நடந்த சூப்பர்பைக் ரேஸில் பிஎம்டபிள்யூ ஆர்90எஸ் வண்டியில், தன் அணிக்காரரான ரெக் பிரிட்மோரைக் கோட்டில் புகைப்படம் பார்த்து முடிவு சொல்லும் அளவுக்கு நூலிழையில் ஜெயித்தவர். பின்சக்கரத்தைச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் சுழற்றும் பிஎம்டபிள்யூ ஜப்பான் வண்டிகளை அடித்த கதை அது, இன்னொரு இதழில் தனியாக எழுத ஆசை.

ஐல் ஆஃப் மேன் டிடி-யில் ஆர்சி30 என்ன செய்தது? ட்ராக்கில் ஜெயிப்பதும் அங்கே ஜெயிப்பதும் ஒன்றா?
— வாசகர், தூத்துக்குடி

ஒன்றே இல்லை. டிடி, அதாவது டூரிஸ்ட் டிராஃபி, நடப்பது ஐல் ஆஃப் மேன் தீவின் ஊர் ரோட்டில், ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர். சுவர், வீட்டு வாசல், மேடு, பாலம், மலை எல்லாம் அதற்குள் வரும். பெரிய ரேஸ் என்றால் ஆறு சுற்று, 360 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் பெட்ரோல் போட நிற்க வேண்டும். வண்டி மேடு ஏறித் தாவும்போது பின்சக்கரம் காற்றில் சுற்றி, தரை தொட்டதும் முழு வேகத்தில் பிடிக்கும், அந்த அடியைக் கிளட்சும் செயினும் கியரும் ஒவ்வொரு சுற்றிலும் வாங்க வேண்டும். ஆர்சி30-இன் கிளட்சில் பின்னிழுப்பைக் குறைக்கும் ஒருவழி அமைப்பு இருந்தது, ஐந்தாறு கியர் வேகமாக இறக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் இருப்பதற்கு.

வண்டி வந்த முதல் வருடமே, 1988-ல், ஜோயி டன்லப் டிடி-யின் ஃபார்முலா 1, சீனியர் என்ற இரண்டு ரேஸையும் ஆர்சி30-ல் ஜெயித்தார். அதே வாரம் ஜூனியரும் அவருக்கே, அது 250 வண்டியில். வட அயர்லாந்தின் பாலிமனியில் மதுக்கடை வைத்திருந்த மனிதர், பேச்சு குறைவு, தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டுவார். 1989 தொடக்கத்தில் அவர் விழுந்து அடிபட்டு டிடி-க்கு வர முடியாமல் போக, ஸ்காட்லாந்தின் ஸ்டீவ் ஹிஸ்லப் அந்த இடத்துக்கு வந்தார். ஆர்சி30-ல் மணிக்கு 121.34 மைல், நம் கணக்கில் 195 கிலோமீட்டருக்கு மேல், சராசரி வேகத்தில் ஒரு சுற்று போனார். டிடி சுற்றில் 120 மைல் சராசரியை முதலில் தாண்டியவர் அவர்தான். அதிகபட்ச வேகம் என்று படித்துவிடாதீர்கள், சராசரி. ஊருக்குள் திரும்பும் முட்டு வளைவுகளையும் சேர்த்து. 1990-ல் ஃபார்முலா 1, சீனியர் இரண்டும் ஃபோகர்ட்டிக்கு, அதே வண்டி.

ட்ராக்கில் கிடைத்த பட்டங்களைவிட எனக்கு இந்த மூன்று வருட டிடி-தான் பெரிதாகத் தெரிகிறது. ஃபேக்டரி ஆட்கள் முன்னால் போனார்கள், சரி, ஆனால் அவர்களுக்குப் பின்னால் சொந்தக் காசில் வண்டி வாங்கி, வேனில் போட்டுக் கப்பலேற்றிக்கொண்டு வந்த சாதாரண ஓட்டுநர்கள் கையிலும் அதே ஆர்சி30 இருந்தது. ஆர்விஎஃப் காலத்தில் இது நடந்திருக்காது.

டுகாட்டிக்கு 1000 சிசி வரை அனுமதி, ஹோண்டாவுக்கு 750 சிசி. இதற்குப் பெயர் போட்டியா? ஆர்சி30-ஐ விதி போட்டுத் தோற்கடித்தார்கள் என்பது என் கருத்து.
— வாசகர், கோலாலம்பூர்

உங்கள் கோபம் புரிகிறது, பாதி ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைய விதி இதுதான்: நான்கு சிலிண்டர் என்றால் 750 சிசி, இரண்டு சிலிண்டர் என்றால் 1000 சிசி. குறைந்தபட்ச எடையிலும் சலுகை, நான்குக்கு 165 கிலோ, இரண்டுக்கு 140. 25 கிலோ என்பது ஒரு அரிசி மூட்டை. காரணம் இல்லாமல் கொடுத்ததில்லை. சிலிண்டர் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு பிஸ்டனும் சிறியதாகி, என்ஜின் அதிகச் சுற்றில் ஓட முடியும், வால்வுப் பரப்பும் கூடும். ஆக ஒரே சிசி வைத்தால் இரட்டைச் சிலிண்டர் வண்டி எந்தக் காலத்திலும் நான்கைப் பிடிக்காது. 1980களில் இரட்டைச் சிலிண்டர் என்றாலே பழைய காலத்து வண்டி என்ற நினைப்பு இருந்தபோது எழுதிய விதி இது, பாவம் ஓடட்டும் என்று.

அந்த நினைப்பைப் பொய்யாக்கியவர் டுகாட்டியின் மாசிமோ போர்டி. டுகாட்டியின் டெஸ்மோ முறையில் வால்வை ஸ்பிரிங் மூடாது, கேமே ஒரு கை வைத்து இழுத்து மூடும். அதோடு நான்கு வால்வு, தண்ணீர்க் குளிரூட்டல், எலக்ட்ரானிக் ஃபியூயல் இஞ்செக்ஷன் எல்லாவற்றையும் சேர்த்தார். 1986-ல் பிரான்சின் போல் டோர் 24 மணி நேரப் போட்டியில் 748 சிசி சோதனை வண்டியாக முதலில் வந்து பாதியிலேயே உடைந்தது. 1988-ல் 851 ஆக வந்தது, வேகம் இருந்தது, உடைந்துகொண்டும் இருந்தது. உடைவது நின்ற வருடம் 1990, அந்த வருடமே ரோஷ் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 94 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 888 ஆக்கியதும் அமெரிக்காவின் டக் போலன் 1991-ல் 17 ரேஸ் ஜெயித்தார், 1992-லும் பட்டம் அவருக்கே. அதற்குப் பிறகு ஆர்சி30 உலகப் பட்டப் பக்கமே வரவில்லை. அமெரிக்காவில் மட்டும் 1991 டேடோனா 200-ல் மிகெல் டுஹாமெல் ஒரு கடைசி பெரிய வெற்றியை அதற்கு வாங்கிக் கொடுத்தார், அதுவும் அடிபட்ட வேறொருவருக்குப் பதிலாக ஏறிய இடத்தில்.

எடைச் சலுகை அதிகப்படியானது, அதில் நீங்கள் சொல்வது சரி. பிறகு அதிகாரிகளே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 1990களின் நடுவில் சமமாக்கினார்கள். ஆனால் 1988, 1989-லும் இதே விதிதானே இருந்தது? அப்போது ஹோண்டா ஜெயிக்கவில்லையா? 1993-ல் நான்கு சிலிண்டர் கவாசாகியில் ஸ்காட் ரஸ்ஸல் பட்டம் வாங்கினாரே, ஃபோகர்ட்டி டுகாட்டியில் அவரைவிட இரண்டு மடங்கு ரேஸ் ஜெயித்தும்? ஆர்சி30-ஐத் தோற்கடித்தது விதி பாதி, வயது பாதி. கார்பரேட்டர் வைத்த 1987 வண்டியை ஆறு வருடம் அதே உடம்போடு ஓடவிட்டால் வேறு என்ன நடக்கும்?

அப்புறம் ஹோண்டா என்ன செய்தது?
— வாசகர், விருதுநகர்

1994-ல் ஆர்சி45 கொண்டுவந்தார்கள். வி4, ஒற்றைக் கை, இந்த முறை ஃபியூயல் இஞ்செக்ஷன். அதே வருடம் டுகாட்டி 916 வந்துவிட்டது, ஆர்சி45 பட்டம் வாங்க 1997 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, ஜான் கொசின்ஸ்கி வாங்கிக் கொடுத்தார். அதோடு ஹோண்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. கோலாலம்பூர் வாசகர் கோபித்துக்கொள்ளக் கூடாது: ஹோண்டா தானும் ஒரு 1000 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டி செய்தது. விடிஆர்1000 எஸ்பி-1. வந்த முதல் வருடமே, 2000-ல், காலின் எட்வர்ட்ஸ் அதில் உலகப் பட்டம் வாங்கினார். அதே 2000-ல், அதே வண்டியில், 48 வயதில் ஜோயி டன்லப் ஐல் ஆஃப் மேனில் ஃபார்முலா 1 ரேஸை ஜெயித்தார் (உலகப் பட்டம் போனாலும் அந்தப் பெயரில் அங்கே ரேஸ் நடந்துகொண்டிருந்தது). சில வாரம் கழித்து எஸ்டோனியாவின் தாலினில் நடந்த ரோட்டுப் பந்தயத்தில் விழுந்து இறந்துபோனார். டிடி-யில் மொத்தம் 26 வெற்றி.

இங்கே ஒருவர் ஆர்சி30 விற்கிறார். பழைய ரேஸ் வண்டி, பெரிய ஆட்கள் ஓட்டியது என்கிறார், அதனால் விலையும் அதிகம் சொல்கிறார். எதைப் பார்த்து நம்புவது?
— வாசகர், லண்டன்

வாயைப் பார்த்து நம்பாதீர்கள்.

சட்டக எண்ணும் என்ஜின் எண்ணும் பத்திரத்தோடு பொருந்துகிறதா என்பது முதல் வேலை. ஆனால் உண்மையான ரேஸ் வண்டியில் இது பொருந்தாமலும் இருக்கலாம், அதுதான் தலைவலி. ரேஸில் விழுந்தால் சட்டகத்தை மாற்றுவார்கள், என்ஜினை சீசனுக்கு நாலு முறை மாற்றுவார்கள், சட்டகத்தில் எண்ணே அடிக்காத உதிரியும் போட்டிருக்கலாம். ஆகவே எல்லா எண்ணும் கச்சிதமாகப் பொருந்தி, பெயிண்ட் பளபளவென்று இருந்து, கூடவே உலகப் பிரபல ரேஸ் வரலாறும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அந்தக் காலத்துப் புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு சின்னச் சின்ன விஷயங்களை ஒப்பிடுங்கள்: பாதுகாப்புக் கம்பி போடத் துளைத்த ஓட்டைகள் எங்கே, வெல்டிங் எப்படி, கால் வைக்கும் தகடு எந்த மாதிரி. ஸ்டிக்கரை நேற்றுகூட ஒட்டலாம், சட்டகத்தில் பழைய கீறலை அவ்வளவு சுலபமாகப் போட முடியாது. ரேஸ் கிட் பாகங்கள் இருப்பதால் மட்டும் அது அணி வண்டி ஆகிவிடாது, மேலே சொன்னேனே, அவற்றை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்க முடிந்தது. எந்த வருடம், எந்த ரேஸ், எந்த எண் என்று விற்பவரிடம் கேட்டு, அந்த ரேஸின் பதிவுப் பட்டியலில் போய்ப் பாருங்கள். அதில் பெயர் தெரியாத ஒரு ஓட்டுநர் டிடி-யில் 23-ஆவதாக முடித்த வண்டி என்று வந்தால், என்னைக் கேட்டால், பேரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பேசி அதையே வாங்கிவிடுங்கள். ஸ்டார்ட் செய்த முதல் நாள் சத்தத்தைப் பதிவு செய்து எனக்கும் அனுப்புங்கள்.